வெறுவெளியின் தரிசனம்

நொச்சிக்குப்பத்துக் கரையில் விடியற்காலை நிற்பவர் காண்பது மணல், கடல், வானம் என்னும் மூன்று பரப்புகளே. அங்கு எவரும் பொருள் கேட்பதில்லை. மனம் தானே அடங்குகிறது.

சென்னையில் வாழ்ந்த ஓவியர் கே.எம். ஆதிமூலம் (1938–2008), காந்தியடிகளைக் கறுப்புக் கோடுகளில் வரைந்து புகழ்பெற்றவர். பின்னாளில் உருவம் துறந்த வண்ணப் பரப்புகளைத் தீட்டினார். அவற்றின் முன், ‘ஒன்றுமில்லையே’ என்று நகர்ந்துவிடுவோர் உண்டு.

ஆலயம் தொழுவோர்க்கோ இக்காட்சி புதிதன்று. அருவுருவமாகிய இலிங்கத் திருமேனியை வணங்குபவர்கள் அவர்கள்; தில்லையில் திரை விலகியதும், பொன் வில்வமாலை தொங்கும் வெறுவெளியைக் கண்டு கைகூப்புபவர்கள். ஓவியம் தெய்வமன்று, ஆயினும் காணும் முறை ஒன்றே. உருவத்தைத் தேடும் அவசரத்தை விடுத்து, சந்நிதியில் நிற்பதுபோல் சற்றே நின்றால் போதும். வெறுமையாகத் தோன்றியது நிறைவாகத் தெரியும்.