சாயமும் சொல்லும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை நம்பி, கோப்பையிலும் பனியனிலும் பெயரும் படமும் பதித்துக் கொடுக்கும் சிறு தொழிலொன்றைத் தொடங்கினோம். வட்டிக்குக் கடன் வாங்குவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டதால், கையிருப்புக்குள் அடங்கும் அச்சுப்பொறியையே தேட வேண்டியதாயிற்று.

இத்தொழிலுக்குரிய சாயம் கற்பூரத்தைப் போன்றது. காகிதத்தில் அச்சிட்டு, ஏறக்குறைய 200 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் அழுத்தினால், திரவமாகாமலே ஆவியாகிப் பாலியெஸ்டர் இழைக்குள்ளும், மேற்பூச்சிட்ட கோப்பையிலும் புகுந்து தங்கிவிடும். பருத்தியில் நில்லாது, சலவையில் மங்கும். வெள்ளைச் சாயம் இல்லையாதலால் கருந்துணிக்கும் உதவாது.

சாதாரண மைத்தொட்டிப் பொறியில் இச்சாயத்தை ஊற்றிக்கொள்வாருண்டு. செலவு குறைவுதான், ஆனால் உற்பத்தியாளரின் உத்தரவாதம் போய்விடும். மார்பளவுப் படத்திற்கு ஏ4 போதும். முதுகு நிறைந்த எழுத்துக்கு ஏ3 வேண்டும். வரக்கூடிய வேலையைக் கணக்கிட்டு, இச்சாயத்திற்கென்றே செய்யப்பட்ட ஏ4 பொறியை வாங்கினோம். எதுவாயினும் அடிக்கடி ஓட்டாவிடில் மை உலர்ந்து முனை அடைபடும்.

பருத்திச் சட்டையோடு வருவோரை, "இதில் நிறம் நில்லாது" என்று சொல்லியே திருப்பி அனுப்புகிறோம். அன்றைய வருமானம் குறையத்தான் செய்கிறது. எனினும், தானியக் குவியலுக்குள் ஈரத்தை மறைத்து வைத்த வணிகரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி நாம் அறிந்ததுதானே! துணியின் குறையை மறைத்துப் பெறும் காசில் பரக்கத் ஏது?