என் மனைவியின் விண்ணப்பம்

17 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை என் மனு எழுதித் தரும் கடையைத் திறப்பதில்லை. மேலத்தெரு பாய் வீட்டுக்கே வந்து கூப்பிட்டதால் திறந்தேன். மகளுக்குப் பிரான்சு விசா வேலை. மாப்பிள்ளை காரைக்கால்காரர், தாத்தா காலத்திலிருந்தே பிரெஞ்சு நேஷனாலிட்டி, பாரிசுக்குப் பக்கத்தில் உத்தியோகம். நிக்காஹ் இங்கே கூனிமேட்டுப் பள்ளிவாசலில்தான் நடந்தது. ஊரே சாப்பிட்டது.

பாய் பையிலிருந்து காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் பரப்பினார். கல்யாணத்துக்கு முன்பே புதுச்சேரி பிரெஞ்சு துணைத் தூதரகத்தில் அறிவிப்பு ஒட்டி வாங்கிய தகுதிச் சான்று. ஜமாஅத் பதிவேட்டின் நகல். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009-இன்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கிய சான்று. அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துத் தூதரகத்தின் குடிமைப் பதிவேட்டில் ஏற்றியதற்கான அத்தாட்சி. கூடவே குடும்பக் கையேடு. அதில் பிள்ளைகளின் பெயர் எழுதப் பக்கங்கள் காலியாக விடப்பட்டிருந்தன.

"எல்லாம் சரியா இருக்குதா தம்பி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். சரியாகத்தான் இருந்தது. பிரான்சுக்காரரின் மனைவிக்கு விசாக் கட்டணம்கூடக் கிடையாது. போய் இறங்கி மூன்று மாதத்துக்குள் அங்கே பதிந்துகொள்ள வேண்டும். மொழி வகுப்பு இருக்கும். கல்யாணம் ஆகி நான்கு ஆண்டு ஆனபின், மொழித் தேர்ச்சியும் காட்டினால், குடியுரிமைக்கே விண்ணப்பிக்கலாம். கேள்விகள் கடுமையாகவே இருக்கும். இருவரையும் தனித்தனியே உட்காரவைத்து, எங்கே சந்தித்தீர்கள், யார் பேசி முடித்தது என்றெல்லாம் விசாரிப்பார்கள். இருந்தாலும் ஒவ்வொரு படிக்கும் ஒரு காகிதம், ஒரு ஜன்னல், ஒரு பதில் உண்டு.

இந்த ஏற்பாட்டின் வேர் நம் பக்கத்து ஊரில்தான் இருக்கிறது. 1956 மே 28-இல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம், புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் மக்களுக்கு ஆறு மாத அவகாசம் தந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் எழுதிக் கொடுக்கலாம் என்றது. அன்று பாயின் சம்பந்தி வீட்டுப் பெரியவர் போட்ட ஒரு கையெழுத்து அறுபத்துமூன்று ஆண்டு கழித்தும் செல்லுகிறது. நேற்றுகூடக் கீழூரில் கொடியேற்றி அந்த நாளைக் கொண்டாடினார்கள்.

பாய் போனபின் கடையைச் சாத்தாமல் உட்கார்ந்திருந்தேன். என் மனைவியும் சட்டப்படி வெளிநாட்டுக்காரிதான். அவள் பிறந்தது புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில். வளர்ந்தது இங்கிருந்து தெற்கே கீழ்ப்புதுப்பட்டு முகாமில். அவளுக்காக நான் எந்த ஜன்னலுக்குப் போவது?

5 செப்டம்பர், வெள்ளி

மிலாது நபி. ஊருக்குள் பச்சைத் தோரணம். பிள்ளைகள் பிரியாணிப் பொட்டலத்தோடு அலைகிறார்கள். கடையில் கூட்டம் இல்லை. பேப்பரை வரி விடாமல் படித்தேன்.

குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 2025 இந்த மாதம் முதல் தேதியிலிருந்து அமலுக்கு வந்திருக்கிறது. அதோடு ஒரு விலக்கு ஆணை. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்மேல், பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லை என்பதற்காகத் தண்டனைப் பிரிவுகள் பாயாது. என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். "அப்ப இனிப் பிடிக்க மாட்டாங்களோ?" என்றாள். மாட்டார்கள் என்றேன். முகம் தெளிந்தது. எனக்கும் நிம்மதிதான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் சிறை இல்லை என்பது வேறு, குடியுரிமை உண்டு என்பது வேறு. இரண்டாவதைப் பற்றி ஆணையில் ஒரு வரியும் இல்லை.

1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் 5(1)(சி) பிரிவு இருக்கிறது. இந்தியரைக் கட்டியவர் விண்ணப்பிக்கும் முன் ஏழாண்டு இங்கே குடியிருந்தால் போதும், பதிவு செய்து குடியுரிமை பெறலாம். இவள் முப்பத்துமூன்று ஆண்டாக இங்கேதான் இருக்கிறாள். கல்யாணம் முறைப்படி பதிவானது. ஆனால் அந்தப் பிரிவின் வாசலிலேயே ஒரு நிபந்தனை: விண்ணப்பிப்பவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. அந்த நிபந்தனை 2003-இல் திருத்தமாக நிறைவேறி 2004 டிசம்பர் 3 முதல் நடப்பில் இருக்கிறது. உரிய பாஸ்போர்ட் இன்றி இந்தியாவுக்குள் நுழைந்த வெளிநாட்டவர் என்பது சட்டவிரோதக் குடியேறி என்ற சொல்லுக்கான விளக்கம். 1990-இல் படகேறி வந்தவர்கள் மாமனாரும் மாமியாரும். இவள் எங்கிருந்தும் நுழையவில்லை. இருந்தும் இணையத்தில் விண்ணப்பத்தைத் திறந்தால் பாஸ்போர்ட் எண் கேட்கிறது, விசா எண் கேட்கிறது. அதற்குமேல் நகர முடிவதில்லை.

இந்திய மண்ணில் பிறந்தவள்தானே என்று கேட்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன். 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே குடிமகன். அதன்பின் பிறந்தவருக்குத் தாயோ தந்தையோ இந்தியராக இருக்க வேண்டும். மண்டபம் முகாமில் 1986 ஏப்ரலில் பிறந்த ஒரு பெண் இதை வைத்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குப் போட்டார். 2022 ஆகஸ்டில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அவருக்குப் பாஸ்போர்ட் வழங்கச் சொன்னார். 2024 ஏப்ரல் 19-இல் திருச்சியில் அவர் முதல்முறையாக ஓட்டுப் போட்டார். அந்தப் படத்தைப் பார்த்து இவள் அழுதாள். இவள் பிறந்தது 1992.

இந்த மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் ஒரு இலங்கைத் தமிழரின் மனு வந்தது. மனைவி மக்கள் இங்கே இருக்கிறார்கள், என்னை அனுப்பாதீர்கள் என்று கேட்டிருந்தார். இந்தியா தர்ம சத்திரம் அல்ல என்று நீதிபதிகள் சொன்னார்கள். அவர்மேல் வழக்கும் தண்டனையும் இருந்தன, அது தனிக் கதை. ஆனால் அந்த ஒரு சொல் முகாமில் ஒவ்வொரு வீட்டிலும் ஒலித்தது. நாங்கள் சத்திரம் கேட்கவில்லை. இது அவள் வாழ்க்கைப்பட்ட வீடு.

21 செப்டம்பர், ஞாயிறு

மகாளய அமாவாசை. மாமியார் முகாமிலிருந்து அழைத்திருந்தார். மாமனாருக்குப் படையல். போகும்போது மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலில் இறங்கிக் கும்பிட்டோம். கோயில் காட்டுக்குள் அவ்வளவு நிழல்.

அகதிகள் முகாம் என்ற பெயரே 2021-இல் மாறிவிட்டது. இப்போது இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். அந்த ஆண்டு ஆகஸ்டில் முதல்வர் சட்டமன்றத்தில் 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தார். முகாம்களில் 7,469 வீடுகள் புதிதாகக் கட்ட வேண்டும் என்பது அதில் ஒன்று. மாதப் பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 என்று உயர்ந்தது. நல்ல காரியம், நன்றியோடு சொல்கிறேன். கல்யாணத்துக்குப் பின் இவள் வெளிப்பதிவில் இருக்கிறாள். முகாமில் பெயர் இல்லை, காவல் நிலையத்தில் பெயர் இருக்கிறது. ஊரைவிட்டு நாலு நாள் போவதென்றால் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

மாமியார் புட்டும் சொதியும் வைத்தார். சாப்பிட்டு முடித்ததும் பழைய கதை. அவர்கள் மலையகத்துக் குடும்பம், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மாமியாரின் அண்ணன் இந்தியப் பாஸ்போர்ட் வாங்கித் தலைமன்னாரில் கப்பலேறினார். அவரைக் கொண்டுவிட்ட ரயிலுக்கு மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். "எங்கட லயத்திலயே ஒரு பெட்டைக்கு இலங்கை, புருசனுக்கு இந்தியா எண்டு வந்தது, தம்பி. ஸ்டேஷன்ல அவள் ரயில் கம்பிய விடவே இல்ல" என்றார். சொல்லும்போது தன் கையால் கட்டில் கம்பியை இறுகப் பிடித்திருந்தார். விரல் வெளுத்துப் போயிருந்தது.

1977 கலவரத்தில் தோட்டத்தைவிட்டு வவுனியாப் பக்கம் ஓடினார்கள். 1990-இல் போர் மறுபடி மூண்டபோது மன்னாரிலிருந்து படகில் இராமேசுவரம், மண்டபம், பிறகு கீழ்ப்புதுப்பட்டு. அண்ணன் வீட்டார் நீலகிரியில் டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் வேரூன்றி, பேரப்பிள்ளைகள் வரை ஓட்டுப் போடுகிறார்கள். தங்கை வீட்டார் அகதிகள். ஒரே வயிற்றில் பிறந்த இருவர், ஒருவர் வந்தது கப்பலில், மற்றவர் வந்தது வள்ளத்தில், அவ்வளவுதான் வேறுபாடு.

இலங்கை இவர்களை மறுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்க 2003-இல் அங்கே சட்டம் வந்தது. போர்க்காலத்தில் இந்தியா வந்து தங்கியவர்களையும் சேர்த்து 2009-இல் திருத்தினார்கள். முகாமில் பிறந்த பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிய, சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் ஆண்டுக்கணக்கில் உதவியிருக்கிறது. இவள் பெயரும் அப்படிப் பதிவானதுதான். ஆகவே இவள் நாடற்றவள் இல்லை. பார்த்தே இராத ஒரு நாட்டின் குடிமகள்.

17 அக்டோபர், வெள்ளி

மழை பிடித்துவிட்டது. மரக்காணம் உப்பளங்களில் வேலை நின்றது. அம்மா காலையில் போய்விட்டு உடனே திரும்பிவிட்டாள். வாரிக் குவித்த உப்பின்மேல் பனையோலை வேய்ந்து கட்டியிருக்கிறார்களாம். பாத்தியெல்லாம் நன்னீர். இனித் தை வரைக்கும் அவளுக்குக் கூலி இல்லை.

பாய் மகளுக்கு விசா வந்துவிட்டது. இனிப்போடு வந்தாள். தன் ஸ்வெட்டரை என் மனைவியிடம் போட்டுக் காட்டினாள். இவளும் அவளுக்கு மிளகாய்த்தூள் வறுத்து இடித்துக் கொடுத்தாள். பொறாமையின் சாயல்கூட இல்லை. எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

எங்களுக்கும் வழி இல்லாமல் இல்லை என்று ஒரு வக்கீல் சொன்னார். இலங்கைப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். வெளியேறும் அனுமதி வாங்கி இலங்கைக்குப் போக வேண்டும். அங்கே இந்தியத் தூதரகத்தில் இந்தியரின் மனைவி என்று நுழைவு விசா கேட்க வேண்டும். கிடைத்தால் திரும்பி வந்து முறையாகப் பதிந்துகொண்டு, ஏழாண்டைப் புதிதாக எண்ணத் தொடங்கலாம். பதிவான கல்யாணம் இரண்டாண்டு நிலைத்திருந்தால் ஓசிஐ அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம். சட்டத்தில் இதெல்லாம் இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பலும் விட்டார்கள், நாலு மணி நேரப் பயணம்.

ஆனால் "கிடைத்தால்" என்பதற்கு யார் பொறுப்பு? விசா தாமதமானால் அவள் எங்கே தங்குவாள்? மறுத்தால்? இத்தனை ஆண்டு விசா இல்லாமல் இருந்தவள் என்று குறித்து வைத்துத் திரும்ப விடாவிட்டால்? வக்கீலிடம் பதில் இல்லை. எழுத்தில் உத்தரவாதம் தர எந்த அலுவலகமும் இல்லை. இவளிடம் விஷயத்தைச் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே கேட்டாள்: "இஞ்சாருங்கோ, அங்க எனக்கு ஆர் இருக்கினம்? பிள்ளைய ஆரு பாப்பினம்?"

அதன்பின் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. கணவனோடு இருப்பதற்காகக் கணவனை விட்டுப் போகச் சொல்லும் வழியை வழி என்று நான் ஏற்க மாட்டேன்.

9 நவம்பர், ஞாயிறு

வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் 4-ஆம் தேதி தொடங்கிவிட்டது. கடையில் தேர்த் திருவிழாக் கூட்டம். 2002-இலும் 2005-இலும் வந்த பழைய பட்டியலில் அப்பா பெயர், அம்மா பெயர் தேடித் தரச் சொல்லி ஊரே வருகிறது. இத்தனை நாள் காகிதத்தைப் பொருட்படுத்தாத பெரியவர்கள் கண்ணில் இப்போது ஒரு பயம். முகாமில் அந்தப் பயம் முப்பத்தைந்து ஆண்டாக அன்றாடம்.

எங்கள் வீட்டுக்கு வந்த அலுவலர் அம்மாவுக்கு ஒரு படிவமும் எனக்கு ஒன்றும் தந்தார். "வீட்டுல வேற பெரியவங்க இல்லையா சார்?" என்று வாடிக்கையாகக் கேட்டார். இவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனாள். நான் விளக்கினேன். நல்ல மனிதர், சங்கடப்பட்டார்.

என்னை இப்போது அதிகம் அரிப்பது மகன் விஷயம். 2017-இல் பிறந்தான். 2004 டிசம்பர் 3-க்குப் பின் பிறந்த பிள்ளைக்குச் சட்டம் கேட்பது இரண்டு: பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. நான் இந்தியன். ஆனால் அவன் அம்மாவுக்கு வைத்திருக்கும் பெயர் ஒருநாள் அவன்மேலும் விழலாம். ஓர் அலுவலகத்தில் அவன் பாஸ்போர்ட் பற்றி விசாரித்தபோது, "அம்மா முகாமா? அப்ப மேலிடத்துல கேக்கணும்" என்றார்கள். மேலிடத்திலிருந்து எதுவும் வரவில்லை. எட்டு வயதுப் பையன், கபடியில் மாவட்டத்துக்கு ஆடுவேன் என்கிறான்.

நேற்று இரவு உட்கார்ந்து மனுவை எழுதி முடித்தேன். ஊர்க்காரர்களுக்கு எழுதித் தருவதுபோலவே, பெறுநர் மாவட்ட ஆட்சியர், நகல் உள்துறைச் செயலாளர். இணைப்பில் திருமணப் பதிவுச் சான்று, இவளுடைய ஜிப்மர் பிறப்புச் சான்று, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், அகதி அடையாள அட்டை, வெளிப்பதிவுச் சான்று, மகனின் பிறப்புச் சான்று, விலக்கு ஆணையின் நகல். குடியுரிமை கொடுங்கள் என்று நான் எழுதவில்லை. 5(1)(சி) பிரிவின்கீழ் என் மனைவியின் விண்ணப்பத்தைப் பாஸ்போர்ட் எண், விசா எண் இல்லாமல் பெற்றுக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கிறேன். பாய் மகளைக் கேட்டதுபோல எங்களையும் தனித்தனியே உட்காரவைத்துக் கேளுங்கள், வீட்டுக்கு வாருங்கள், அக்கம்பக்கத்தை விசாரியுங்கள், காவல் நிலையப் பதிவேட்டைப் பாருங்கள், அதன்பின் உங்கள் முடிவை எழுத்தில் தாருங்கள் என்று எழுதியிருக்கிறேன்.

இவள் வரிவரியாகப் படித்தாள். ஓரிடத்தில் பெயரின் எழுத்துப் பிழையைத் திருத்தினாள். முகாம் அட்டையில் ஒருவிதமாகவும் பள்ளிச் சான்றில் ஒருவிதமாகவும் இருக்கிறது, இரண்டும் ஒருவரே என்று ஓர் உறுதிமொழி சேர்க்கச் சொன்னாள். சேர்த்தேன். கையெழுத்துப் போட்டாள். நாளை மரக்காணம் தபால் நிலையத்தில் விரைவுத் தபாலில் சேர்க்க வேண்டும். பதில் வராவிட்டால் உயர் நீதிமன்றம். அதற்கான செலவுக்குச் சீட்டை இந்த மாதமே எடுப்பது என்று பேசியிருக்கிறோம்.