பற்ற மறுத்த நெருப்பு

குளிரில் நடுங்கும் குழந்தை ஒன்று அருகில் படுத்திருக்கையில், வெப்பமூட்ட வேண்டிய கருவி எரிய மறுத்தால், பெரியவர்களுக்கு முதலில் வருவது சினமே. எங்களுக்கும் ஓர் இரவு அவ்வாறே வந்தது. அச்சினத்தில் நாங்கள் செய்த பிழையை மறைப்பதால் எவருக்கும் பயனில்லை. ஆதலால் நடந்ததை நடந்தவாறே எழுதுகிறோம்.

2019ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பணிபுரியும் எங்கள் மகனைக் காணச் சென்றிருந்தோம். அவன் பழைய வீட்டு வண்டி ஒன்றை வாங்கி வைத்திருந்தான். அந்நாட்டார் அதனை மோட்டார் ஹோம் என்பர். சிறு பேருந்து போன்ற அதனுள் படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பறை யாவும் உண்டு. 1991இல் செய்யப்பட்ட வண்டி அது. மகனும், ஏழு வயதுப் பேரனும், நாங்கள் இருவருமாக அதில் கிராண்ட் கேன்யன் பெரும்பள்ளத்தாக்கைக் காணப் புறப்பட்டோம்.

நாங்கள் தங்கிய தெற்கு விளிம்பு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. பகலில் இதமான வெயில். இரவிலோ நீர் உறையும் குளிர். அங்குள்ள மேதர் முகாமில் வண்டிகளுக்கு மின் இணைப்பு கிடையாது. விளக்கும், தண்ணீர்ப் பம்பும், ஹீட்டரின் விசிறியும் வண்டியின் பாட்டரியையே நம்பியிருந்தன. அதனைச் சற்றும் எண்ணாமல் மாலை முழுதும் எல்லா விளக்குகளையும் எரியவிட்டோம்.

இரவு பத்து மணிக்கு ஹீட்டரைப் போட்டோம். விசிறி சுழன்றது, காற்றோ குளிர்ந்தே வந்தது. வாயு தீர்ந்துவிட்டதோ என்று அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்தான் மகன். நீலச் சுடர் நன்றாகவே எரிந்தது. நம் நாட்டுச் சமையல் வாயுவில் கலந்துள்ள பியூட்டேன் உறைகுளிரில் ஆவியாகத் தயங்கும். அங்கு பயன்படும் புரொப்பேனோ பூச்சியத்திற்குக் கீழ் 42 டிகிரியிலும் கொதிக்கக் கூடியது. எனவே குறை வாயுவில் இல்லை.

“அப்பா, உள்ளே ஒரு சிறு சுவிட்ச் இருக்கிறது. ஒரு கம்பியால் அதன் இரு முனைகளையும் இணைத்துவிட்டால் எரிந்துவிடும் என்கிறார்கள்” என்றான் மகன்.

“அந்த வேலையெல்லாம் இரவில் வேண்டாம், தம்பி. அடுப்பையே சற்று நேரம் எரியவிடு, சூடு வந்துவிடும்” என்றோம். எங்கள் இளமையில், மார்கழிக் குளிருக்குப் பாட்டி மூட்டிய விறகடுப்பைச் சுற்றி அமர்ந்த நினைவு எங்களை அவ்வாறு பேச வைத்தது. சன்னல்களையும் கூரைத் திறப்பையும் நன்றாக மூடினோம். சுவரிலிருந்த நச்சுவாயு எச்சரிக்கைக் கருவி, பழையதாகிக் கீச்சுக் கீச்சென்று ஒலி எழுப்பியதால், அதனைப் புறப்படும் முன்பே கழற்றி வைத்திருந்தோம்.

அரை மணி நேரத்தில் வண்டி கதகதப்பாயிற்று. சன்னல் கண்ணாடிகளில் நீர் வழிந்தது. எங்கள் இருவரில் இல்லத்தரசிக்குத் தலை கனத்தது. “மலைப் பகுதியல்லவா, அப்படித்தான் இருக்கும்” என்று தேற்றிக்கொண்டோம். பேரன் ஆழ்ந்து உறங்கினான்.

அப்போது கதவு தட்டப்பட்டது. எங்கள் வெளிவிளக்கு எரிவதைச் சொல்ல வந்த அண்டை வண்டிக்காரர் அவர், முதியவர். வேர்த்து வழிந்த கண்ணாடியையும் அடுப்புச் சுடரையும் கண்டதும், சொல்ல வந்ததை விட்டுவிட்டு உள்ளே நுழைந்தார். அடுப்பை அணைத்தார், சன்னல்களைத் திறந்தார், குழந்தையை உடனே வெளியே கொண்டுவரச் சொன்னார். கம்பளியோடு தூக்கி வந்து உலுக்கினோம். முதலில் அவன் கண் திறக்கவில்லை. அந்தச் சில நொடிகளை இன்றும் எங்களால் அமைதியாக நினைக்க முடியவில்லை. பின்னர் விழித்து, “பாட்டி, தண்ணி” என்றான்.

பெரியவர் தம் மீட்டரைக் கொண்டு பாட்டரியை அளந்தார். முழுதும் நிறைந்த பாட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும், எங்களுடையது 10.8 காட்டியது. பின்பு அவர் விளக்கினார். ஹீட்டரின் காற்றுப் பாதையில் மெல்லிய தகடு கொண்ட சுவிட்ச் ஒன்று உண்டு. விசிறி போதிய வேகத்தில் காற்றைத் தள்ளினால்தான் அத்தகடு சாய்ந்து மின்சுற்றை இணைக்கும். அதன் பின்னரே வாயு திறந்து தீப்பொறி எழும். பாட்டரி தளர்ந்ததால் விசிறி மெதுவாகச் சுழன்றது. ஆகவே சுவிட்ச் இணையவில்லை.

“அது உங்களைக் காக்கத்தான் எரிய மறுத்தது. காற்று குறைந்த இடத்தில் நெருப்பு எரிந்தால் உள்ளே வெப்பம் மிஞ்சும். நீங்களோ காவல்காரனைக் குறை கூறிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துவிட்டீர்கள்” என்றார்.

ஹீட்டரில் எரிந்த புகை தனிக் குழாய் வழியே வெளியேறிவிடும். அடுப்புப் புகைக்கோ வேறு போக்கிடமில்லை. மூடிய இடத்தில் காற்று குறையக் குறையச் சுடர் கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சை உண்டாக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் பற்றிக்கொள்ளும். தலைவலியும் உறக்கமுமே அதன் முதல் அடையாளங்கள்.

எஞ்சிய இரவை, சன்னலைச் சற்றே திறந்து வைத்து, இருந்த கம்பளிகளையெல்லாம் போர்த்திக் கழித்தோம். காலையில் ஜெனரேட்டர் ஓட்ட அனுமதிக்கும் நேரம் வந்ததும் பாட்டரிக்கு மின்னேற்றினோம். ஹீட்டர் முதல் முயற்சியிலேயே பற்றியது. வெளிப்புறக் காற்றுத் துளையில் குளவி கட்டியிருந்த மண்கூட்டையும் பெரியவரே காட்டி அகற்றச் செய்தார். திரும்பும் வழியில், வேறெதுவும் வாங்கும் முன், புதிய எச்சரிக்கைக் கருவி ஒன்று வாங்கினோம்.

எங்கள் பாட்டியின் சமையலறை ஓட்டுக்கூரை வேய்ந்தது. ஒவ்வோர் ஓட்டின் இடுக்கும் புகைக்கு வழிவிட்டது. அடுப்பை மட்டும் நினைவில் வைத்திருந்த நாங்கள் கூரையை மறந்துவிட்டோம். இன்று நம் இல்லங்களில் அத்தகைய கூரைகள் அரிதாகிவிட்டன. சிறு குளியலறைகளில் வாயு வெந்நீர்க் கருவி எரிகிறது. மலைவாழிடங்களுக்குச் செல்வோர் அறையை அடைத்துக் கரியடுப்பு மூட்டுகின்றனர். அன்பு கூர்ந்து, நெருப்பை மூட்டும் முன் அதன் புகை செல்லும் வழியைப் பாருங்கள்.