நடுவில் வரும் பந்து

கலப்பு இரட்டையர் டென்னிஸில் வலையருகே நிற்கும் பெண்ணுக்குப் பந்தைவிட அதிகமாக வந்து சேருவது ஒரு வாக்கியம்: "விடுங்க மேடம், நான் பார்த்துக்கறேன்." கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்கள் மாலையில் கூடும் எங்கள் சிமெண்ட் ஆடுகளத்தில் இதைத் தமிழிலும் கேட்டிருக்கிறேன், மலையாளத்திலும் கேட்டிருக்கிறேன். மரியாதைக்குக் குறைவில்லை. பந்துதான் வராது. இரண்டு வருடம் வயல் பொம்மை போல நின்றபின், ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்று யோசித்தேன்.

அப்போதுதான் எங்கள் மாஷ், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், ஒரு பயிற்சியை ஆரம்பித்தார். மொத்தம் 8 பேர். வலையருகே ஒரு ஜோடி, எதிரே பின்கோட்டில் ஒரு ஜோடி, மற்றவர்கள் வரிசையில். கூடையிலிருந்து மாஷ் ஒரு பந்தைப் பின்கோட்டுக்காரர்களுக்குத் தட்டிவிடுவார். அவர்கள் வலைக்காரர்களைத் தாண்டி அடிக்க வேண்டும். தோற்ற ஜோடி வரிசையின் கடைசிக்குப் போகும்.

விதி இதுதான்: பந்துக்கு நேர் எதிரே நிற்பவர் ஓரத்தைக் காக்க வேண்டும், குறுக்கே நிற்பவர் நடுவை எடுக்க வேண்டும். பந்து பக்கம் மாறினால் பொறுப்பும் மாறும். கூட்டாளியின் பந்தைப் பறித்தால், அது எவ்வளவு அருமையான அடியாக இருந்தாலும் புள்ளி எதிராளிக்கு. முதல் வாரம் ஆண்கள் இழந்த புள்ளிகளை எண்ணி மாளாது!

நடுப்பந்து சாதாரண விஷயமல்ல. வலையின் உயரம் கம்பங்களில் 3 அடி 6 அங்குலம், நடுவில் 3 அடி. கெட்டிக்கார எதிராளி அந்தத் தாழ்வான இடத்தைத்தான் தேடுவார். சானியா மிர்சாவும் மார்ட்டினா ஹிங்கிஸும் 2015-இல் விம்பிள்டனையும் அமெரிக்க ஓபனையும், 2016-இல் ஆஸ்திரேலிய ஓபனையும் அடுத்தடுத்து வென்றார்கள். சானியாவின் வலுவான முன்கை அடிக்குத் திணறி எதிராளி திருப்பும் பந்தை, ஹிங்கிஸ் வலையருகே நடுவில் புகுந்து முடித்துவிடுவார். அவரிடம் யாராவது "விடுங்க மேடம்" என்று சொல்லிப் பார்க்கட்டும்!

எங்களுக்குக் கூடுதல் தலைவலி பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அப்படி வீசும். ஆடுகளமோ வடக்கு தெற்கு. என் தலைக்கு மேல் எழும்பிய பந்து கூட்டாளியின் தலைக்கு மேல் இறங்கும். அங்கே விதி உதவாது, குரல் கொடுத்தாக வேண்டும். தமிழர்கள் "என்னுது" என்றோம், மலையாளிகள் "என்டெ" என்றார்கள். புரிவதற்குள் பந்து தரையில். கடைசியில் "எனக்கு" என்று வைத்துக்கொண்டோம். மலையாளத்தில் "எனிக்கு", அந்தக் காற்றில் இரண்டும் ஒன்றுதான்.

இப்போது ஞாயிறு மாலை வரிசையில் நிற்பவர்களில் 4 பேர் பெண்கள். கூடையில் பந்து போதவில்லை என்று மாஷ் அலுத்துக்கொள்கிறார்.