அவரவர் தொட்டி

அந்த வண்டிக்கு மூன்று தொட்டி. ஒன்று நல்ல தண்ணிக்கு. ஒன்று குளித்த தண்ணிக்கும் பாத்திரம் கழுவிய தண்ணிக்கும். மூன்றாவது கக்கூஸுக்கு. வண்டிக்குள்ளே சுவரில் ஒரு பலகை. பொத்தானை அமுக்கினால் எந்தத் தொட்டி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று விளக்கு எரிந்து காட்டும். நான் எழுத வந்தது அந்த மூன்றாவது தொட்டியைப் பற்றித்தான்.

2022 அக்டோபரில் அமெரிக்கா போனேன். அக்கா மகன் வாஷிங்டன் பக்கத்தில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். முப்பத்திரண்டு வருசம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய நான் பாஸ்போர்ட் எடுத்ததே ஓய்வு பெற்ற பிறகுதான். "சித்தி, ஓட்டல்ல தங்க வேண்டாம். வீட்டையே எடுத்துட்டுப் போவோம்" என்றான். ஆர்.வி. என்கிறார்கள். இருபத்தஞ்சு அடி நீளம். உள்ளேயே அடுப்பு, ஐஸ்பெட்டி, கக்கூஸ். டிரைவர் தலைக்கு மேலே ஒரு படுக்கை. சாப்பாட்டு மேசையை இறக்கினால் இன்னொரு படுக்கை. அவனோடு வேலை பார்க்கிற சிநேகிதன், சிநேகிதன் மனைவி, ஊரிலிருந்து வந்திருந்த சிநேகிதனின் அம்மா, நாங்கள் ரெண்டு பேர். ஆக அஞ்சு பேர்.

வர்ஜீனியாவில் ஷெனண்டோவா என்று ஒரு மலைக்காடு, தேசியப் பூங்கா. மலை முதுகு மேலேயே 105 மைல் ரோடு. முப்பத்தஞ்சு மைல் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. நடுவில் பாறையைக் குடைந்து ஒரு சுரங்கம். உயரம் பன்னிரண்டு அடி எட்டு அங்குலம். எங்கள் வண்டி நுழையுமா நுழையாதா என்று அவன் நிறுத்திவிட்டுக் காகிதத்தைப் பார்த்தான். நுழைந்தது. மரமெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக இருந்தது. நான் ஜன்னலோரம் குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பொய் சொல்லக் கூடாது, சந்தோசமாகத்தான் இருந்தேன். ஆனால் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி அவன் தயங்கித் தயங்கி ஒன்று சொல்லியிருந்தான். "சித்தி, பாட்டி என்ன வேலை பார்த்தாங்கன்னு பேச்சு வந்தா, முனிசிபாலிட்டில வேலைன்னு மட்டும் சொல்லுங்க." நான் சரி என்றேன். அப்படிச் சொல்லிச் சொல்லித்தானே நானும் டீச்சர் வேலையைக் காப்பாற்றினேன்.

பேச்சு முதல் நாளே வந்தது. சிநேகிதனின் அம்மா நல்ல மாதிரிதான். முறுக்கு கொடுத்தார். கொடுத்துக்கொண்டே, "டீச்சருக்கு ஊர்ல எந்தத் தெரு?" என்றார். எந்த ஊர் என்று கேட்டால் ஊர். எந்தத் தெரு என்று கேட்டால் அது வேறு கேள்வி. கடல் தாண்டி, மலை ஏறி, சக்கரத்தின் மேல் ஓடுகிற வீட்டுக்குள்ளும் அந்தக் கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. "அம்மா முனிசிபாலிட்டில இருந்தாங்க. குவார்ட்டர்ஸ்லதான் வளர்ந்தோம்" என்றேன். அவர் மேலே கேட்கவில்லை. முறுக்கு தொண்டையில் இறங்கவில்லை.

ரெண்டாம் நாளும் மூன்றாம் நாளும் லூயிஸ் மவுண்டன் என்கிற இடத்தில் தங்கினோம். 1939இல் அந்த இடத்தைக் கறுப்பர்களுக்கு என்று தனியாகத் திறந்தார்கள். கறுப்பர் பகுதி என்று பலகையே வைத்திருந்தார்கள். 1950இல்தான் எல்லா இடமும் எல்லாருக்கும் என்று ஆனது. காட்டுக்குள்ளும் சேரி பிரித்திருக்கிறார்கள் பாருங்கள். அந்தக் காலத்தில் கறுப்பர்கள் கார் வாங்கினாலும் வழியில் சாப்பாடு கிடையாது, படுக்க இடம் கிடையாது. நியூயார்க்கில் விக்டர் ஹ்யூகோ கிரீன் என்ற ஒரு தபால்காரர், எந்த ஊரில் எந்த ஓட்டலில், எந்த வீட்டில் தங்கலாம் என்று 1936இலிருந்து புத்தகம் போட்டார். அவர் செத்த பிறகும் அறுபதுகளின் பாதிவரை அது வந்தது. பெட்ரோல் பங்கில் கக்கூஸ் திறந்துவிட மாட்டார்கள் என்பதால் பலர் சோறு தண்ணியோடு டப்பாவும் வாளியும்கூடக் காரிலேயே எடுத்துப் போயிருக்கிறார்கள். இன்றைக்கு உல்லாசமாக நாங்கள் வாடகை கொடுத்து எடுத்துப் போவதை, அன்றைக்கு அவர்கள் வேறு வழியில்லாமல் கொண்டு போனார்கள்.

எனக்கு அம்பேத்கர் ஞாபகம் வந்தது. 1901இல், ஒன்பது வயசுப் பையனாக, அப்பாவைப் பார்க்க அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் ரயிலேறிப் போனார். இறங்கின ஸ்டேசனில் சாதி தெரிந்ததும் ஒரு வண்டிக்காரனும் வரவில்லை. ரெட்டிப்பு வாடகை வாங்கிக்கொண்டு ஒருத்தன் சம்மதித்தான். எப்படி? பிள்ளைகளே வண்டியை ஓட்டணும், அவன் பக்கத்தில் நடந்து வருவான். கையில் சோறு இருந்தது, குடிக்கத் தண்ணி கிடைக்கவில்லை. தண்ணியில்லாமல் அந்தச் சோத்தைத் தின்ன முடியாமல் ராத்திரி பசியோடு படுத்தார்கள். எங்கள் வண்டியிலோ தொட்டி நிறையத் தண்ணி. நான் ரெண்டு தரம் எழுந்து குடித்தேன்.

நாலாம் நாள் காலையில் மூன்றாவது தொட்டிக்கு விளக்கு முழுசாக எரிந்தது. லூயிஸ் மவுண்டனில் அதைக் கொட்ட வசதியில்லை. ஆறேழு மைல் திரும்பி வந்தால் பிக் மெடோஸ் என்ற இடத்தில் இருக்கிறது. சிமெண்டுத் தரை, தரையில் மூடி போட்ட ஒரு ஓட்டை, பக்கத்தில் கழுவ ஒரு குழாய். அவ்வளவுதான். எங்களுக்கு முன்னால் ஒரு வண்டி நின்றது.

எங்கள் வண்டிக்குள் யாரும் பேசவில்லை. சிநேகிதன் போனைப் பார்த்தான். அப்புறம் சிரித்த மாதிரி, "மச்சி, நீ பாத்துடேன். எனக்கு வாடை ஒத்துக்காது" என்றான். அவனுக்கு எங்கள் சாதி தெரிந்து சொன்னானா, தெரியாமல் சொன்னானா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அவன் சொல்லி முடிக்கும் முன்னாலேயே என் அக்கா மகன் கையுறையை எடுத்துவிட்டான். எம்.எஸ். படித்த கை. யாரும் கற்றுக்கொடுக்காமலே நீண்டது அந்தக் கை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கம்மா எடுப்புக் கக்கூஸ் அள்ளினவள். விடியும் முன்னே கொல்லைச் சந்து வழியாகப் போவாள். தகரத்தால் வழித்துக் கூடையில் போட்டு, சாம்பல் தூவித் தலையில் வைப்பாள். மழை நாளில் கூடை ஒழுகிக் கழுத்தில் இறங்கும். வீட்டுக்கு வந்தால் பசியிருக்கும், சோறு இறங்காது. புகையிலையைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அவள் அள்ளின வீடுகளில் ஒரு வீட்டுக்கும் முன்வாசல் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

"நில்லுடா" என்றேன். முன்னால் நின்ற வண்டியைக் காட்டினேன். எழுபது வயசு வெள்ளைக்காரத் தாத்தா ஒருத்தர். கையுறை மாட்டினார். பத்தடிக் குழாயின் ஒரு முனையை வண்டியில் திருகினார், மறு முனையை ஓட்டையில் செருகினார். முதலில் கக்கூஸ் தொட்டியைத் திறந்தார். அது வடிந்ததும் குளித்த தண்ணித் தொட்டியைத் திறந்தார். அந்தத் தண்ணியே குழாயை அலசிவிடுகிறது. அவர் மனைவி பக்கத்தில் நின்று ஏதோ சொல்ல, சிரித்தார். கழுவி மூடினார். கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஒரு ஆப்பிளைக் கடித்தார். பத்து நிமிசம். அந்தப் பத்து நிமிசத்தில் அவருக்கு எதுவும் குறைந்துபோய்விடவில்லை.

நான் வண்டிக்குள் திரும்பிச் சொன்னேன். "எங்கம்மா பீ அள்ளினவ. முனிசிபாலிட்டில அந்த வேலைதான் பார்த்தா. போதும். இந்தத் தொட்டியில அஞ்சு பேரும்தான் போனோம். அஞ்சு பேரும் இறங்குங்க."

முதலில் இறங்கினது சிநேகிதனின் மனைவிதான். ஒன்றும் பேசாமல் கையுறை மாட்டினாள். அப்புறம் அவன் இறங்கினான், முகம் வெளுத்துப்போய். நான் குழாயைப் பிடித்தேன். அக்கா மகன் திருகினான். எல்லாரும் தடுமாறினோம். அந்தத் தாத்தா, "முதல் தடவையா?" என்று கேட்டுத் திரும்பி வந்து, குழாயைச் சரியாக மாட்டக் காட்டிக்கொடுத்தார். சிநேகிதனின் அம்மா இறங்கவில்லை. சாயந்தரம் நான் போட்ட காபியையும் அவர் தொடவில்லை. மேசை மேலேயே ஆறிப்போயிற்று.

அமெரிக்காவில் எல்லாரும் சமம் என்று நான் சொல்ல வரவில்லை. கறுப்பர் பகுதி என்று பலகை மாட்டின மலையில்தான் ரெண்டு ராத்திரி தூங்கினேன். நான் சொல்ல வந்தது ஒரு பத்தடிக் குழாயையும் ஒரு ஜோடி கையுறையையும் பற்றி. நம் நாட்டில் அது கிடைக்காமலா இருக்கிறது? மனிதக் கழிவை மனிதன் அள்ளக் கூடாது என்று 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். சாக்கடையில் செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடு என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. தொகை ஏறுகிறதே தவிர, ஆள் இறங்குவது நிற்கவில்லை. குழாய் இல்லாததால் இறக்குவதில்லை. இறங்குவதற்கென்று ஒரு சாதி இருப்பதால் இறக்குகிறார்கள்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் முன் தொட்டியை இன்னொரு தரம் காலி பண்ண வேண்டியிருந்தது. அக்கா மகன் கையுறையைச் சிநேகிதனிடம் நீட்டி, "இப்ப உன் முறைடா" என்றான். அவன் வாங்கிக்கொண்டு போனான்.

வீட்டுக்கு வந்த ராத்திரி அக்கா மகன் கேட்டான். "ஏன் சித்தி சொன்னீங்க? நாளைக்கு நான் ஆபீஸ் போகணும்ல?"

"போ" என்றேன். "கேட்டா பாட்டி பேரைச் சொல்லு."