உதிராத மணி

முற்றிய நெற்கதிர் தலைசாய்ந்து நிற்பதைப் பணிவுக்கு உவமையாகச் சொல்வது தமிழாசிரியர் வழக்கம். உவமை அழகானதுதான். ஆயினும், அக்கதிரைச் சற்று நெருங்கி நோக்கினால் பணிவைக் காட்டிலும் வியப்புக்குரிய வேறொன்று புலப்படும். முற்றிய பின்னும் அதன் மணிகள் உதிர்வதில்லை. அறுப்பவர் வரும்வரை காம்பைப் பற்றிக்கொண்டு காத்திருக்கின்றன. புல்லினத்தில் பிறந்த பயிருக்கு இஃது இயல்பான குணமன்று. விதையை உதிர்த்து இனம் பெருக்குவதே புல்லின் வாழ்வு. உதிர்க்கத் தெரியாத புல் காட்டில் நெடுநாள் நிலைக்காது. உழவனுக்கு நெல்லின் தலையாய நற்பண்பாகத் தோன்றுவது இயற்கையின் கணக்கில் ஒரு குறையே. அந்தக் குறையை மனிதன் போற்றி வளர்த்தான். அதனால் நெல்லும் பெருகிற்று, மனிதனும் பெருகினான்.

ஆசிய நெல்லின் முன்னோர், தாவரவியலார் 'ஒரைசா ரூஃபிபோகன்' என்று பெயரிட்ட காட்டு நெல்லாகும். சதுப்புகளிலும் குளக்கரைகளிலும் அஃது இன்றும் வளர்கிறது. அதன் தண்டு நிமிராமல் தரையோடு சாய்ந்து படரும். மணியின் நுனியில் நீண்ட மீசை இருக்கும். உமிக்குள் இருக்கும் அரிசி செந்நிறமானது. மணிகள் ஒருங்கே முற்றுவதில்லை. முற்றியவை முற்றியபடி உதிர்ந்து, சேற்றில் புதைந்து, தக்க பருவம் வரும்வரை உறங்கும். சீனாவின் யாங்சி ஆற்றுப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த மக்கள் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன்னரே இப்புல்லைப் பேணத் தொடங்கிவிட்டனர்.

உதிராத நெல்லை உருவாக்க வேண்டும் என்று அவர்களுள் எவரும் திட்டமிட்டிருக்க இயலாது. கதிரை அறுக்கும்போது, எளிதில் உதிரும் மணிகள் நிலத்திலேயே விழுந்துவிடும். காம்பை விடாத சில மணிகளே வீடு வந்து சேரும். வந்தவற்றில் ஒரு பகுதி மறு ஆண்டின் விதையாகும். இவ்வாறு ஆண்டுதோறும், அறியாமலேயே ஒரு தேர்வு நடந்தது. சீனாவின் செஜியாங் மாநிலத்துத் தியான்லுவோஷான் என்னுமிடத்தில் அகழ்ந்தெடுத்த நெல் எச்சங்கள் இதற்குச் சான்று. ஏறத்தாழ 6,900 ஆண்டுகளுக்கு முன் நூற்றுக்கு 27 ஆக இருந்த உதிராத வகை, 300 ஆண்டுகள் கழித்து 39 ஆயிற்று. பத்துப் பன்னிரண்டு தலைமுறை உழவர் பிறந்து, உழுது, மறைந்த காலத்தில் நேர்ந்த மாற்றம் அவ்வளவே. நாகரிகத்தின் அடித்தளம் அத்துணை மெதுவாக இடப்பட்டது.

அம்மாற்றத்தின் உட்பொருளை 2006ஆம் ஆண்டில் அறிவியலார் கண்டறிந்தனர். மரபணு என்பது நான்கே வேதி எழுத்துகளால் எழுதப்பட்ட ஏடு போன்றது. மணியைக் காம்பினின்று பிரிக்கும் பணியில் 'எஸ்எச்4' என்ற மரபணுவுக்குப் பெரும்பங்கு உண்டு. காட்டு நெல்லின் அந்த ஏட்டில் ஓரிடத்தில் இருக்கும் ஓர் எழுத்து, பயிர் நெல்லில் வேறோர் எழுத்தாக மாறியிருக்கிறது. ஓர் எழுத்துப் பிழை! மாணவனின் கட்டுரையில் ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்துவிட்டுக் கடந்து செல்லக்கூடிய அளவினது. அப்பிழையால் காம்பின் பிரியும் அடுக்கு முழுமையாக அமையாமற்போயிற்று. வேறு சில மாற்றங்களும் துணை நின்றன. எனினும், ஆசியக் கண்டமெங்கும் பயிராகும் நெல்லில் இந்த ஓரெழுத்து மாற்றம் பதிந்திருக்கிறது.

வெள்ளரிசியின் வரலாறும் இத்தகையதே. அரிசியைச் செந்நிறமாக்கும் மரபணுவில் 14 எழுத்துகள் விடுபட்டுப் போனமையால்தான் பெரும்பாலான அரிசி வகைகள் வெண்மையாயின. அந்த விடுபாடு ஜப்பானிகா என்னும் நெற்பிரிவில் தோன்றி, பின்னர் இண்டிகா என்னும் பிரிவுக்குக் கலப்பின் வழியே பரவியது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. வெண்மையை விரும்பிய மக்கள் அவ்விதையைக் கைமாற்றிக் கைமாற்றி நாடு கடத்திச் சென்றனர். ஆனால், செந்நிறம் தந்த அதே மரபணு விதையின் உறக்கத்துக்கும் காவலாக இருந்தது. நிறம் போனபோது உறக்கமும் குறைந்தது. பாஸ்மதிக்கும் தாய்லாந்தின் மல்லிகை அரிசிக்கும் மணம் வாய்த்ததுகூட ஒரு மரபணு செயலிழந்ததனால்தான். புளுட் அரிசியின் பசைத்தன்மையும் அவ்வாறு நேர்ந்த ஒரு பழுதின் பயனே. நெல்லின் வரலாறு பெரிதும் இழப்புகளின் வரலாறு. ஒவ்வோர் இழப்பும் மனிதனுக்கு ஒரு வரவாயிற்று. நெல்லுக்கோ தனித்து வாழும் ஆற்றலில் ஒரு பங்கு குறைந்தது.

எனினும், பழைய உழவர்கள் செய்த தேர்வு ஊருக்கு ஊர் வேறுபட்டது. மலைச்சரிவுக்கு ஒன்று, பள்ளத்து வெள்ளத்துக்கு ஒன்று, உவர்நிலத்துக்கு ஒன்று எனப் பல்லாயிரம் வகைகள் தோன்றின. ஒரே பயிர் பல முகங்கள் கொண்டது. இருபதாம் நூற்றாண்டில் தேர்வு செய்யும் பொறுப்பு உழவன் கையிலிருந்து ஆய்வு நிலையத்துக்கு மாறியது. அதன் நன்மைக்கு அருகிலேயே ஒரு சான்று உண்டு.

1950களில், ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தின் ஆதரவில், இந்தியாவின் கட்டாக் நகரில் இண்டிகாவையும் ஜப்பானிகாவையும் கலக்கும் திட்டம் நடந்தது. நெடுங்காலம் பிரிந்திருந்த அவ்விரு கிளைகளைச் சேர்த்தால் பிறக்கும் பயிர் பெரும்பாலும் பதராகும். அத்தடையைத் தாண்டிச் சில கலப்புகள் பயன் தந்தன. தஞ்சை மாவட்டத்து உழவர் அறிந்த ஆடுதுறை 27 அவற்றுள் ஒன்று. மற்றொன்று, மலாயாவின் மாயாங் எபோஸ் 80 என்ற நெல்லும் தைவானின் தைச்சுங் 65 என்ற நெல்லும் கலந்த கலப்பு. அதன் வழித்தோன்றல்களை மலாயா மண்ணில் பயிரிட்டுத் தெரிந்தெடுத்து, 1965இல் 'மஹ்சூரி' என்று பெயரிட்டு வெளியிட்டனர். லங்காவித் தீவின் பழங்கதைத் தலைவியின் பெயரைத் தாங்கிய அந்நெல் கடல் கடந்து இந்தியாவுக்குச் சென்றது. தமிழகத்தில் அதனின்று தெரிந்தெடுக்கப்பட்ட வெள்ளைப் பொன்னி 1986இல் வெளிவந்தது. ஆந்திரத்துச் சம்பா மசூரியும் சுவர்ணாவும் மஹ்சூரியின் வழிவந்தவையே. காவிரியின் பெயரைச் சூடியிருப்பதனால் பொன்னியைத் தொன்மையான சோழநாட்டு நெல் என்று கருதுவோர் பலர். அதன் பெற்றோருள் ஒன்று மலாய் உழவர் வளர்த்த நெல் என்பதை அறிந்தால், கோலாலம்பூர்க் கடையில் பொன்னி அரிசி வாங்கும் தமிழருக்கு அந்த மூட்டை இன்னும் சற்று நெருக்கமாகத் தோன்றக்கூடும்.

அதே காலத்தில் பிலிப்பீன்ஸ் நாட்டின் லாஸ் பானோஸ் நகரில், 1960இல் நிறுவப்பட்ட அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் வேறொரு வழியில் முயன்றது. நெடிய நெற்பயிருக்கு உரம் மிகுதியாக இட்டால் கதிர் கனத்துப் பயிர் சாய்ந்துவிடும். தைவானின் டீ-கியோ-வூ-ஜென் என்ற குட்டை நெல்லை இந்தோனேசியாவின் பேத்தா நெல்லோடு கலந்து 1966இல் ஐ.ஆர்.8 வெளியிடப்பட்டது. தண்டை நீட்டும் இயக்குநீரைச் சுரக்கச் செய்யும் ஒரு மரபணுவில் 383 எழுத்துகள் விடுபட்டதே அக்குட்டைத்தன்மைக்குக் காரணம் என்பது 2002இல் தெரிய வந்தது. குட்டைப் பயிர் உரத்தைத் தாங்கியது, விளைச்சல் பெருகியது, பஞ்சத்தின் அச்சம் தணிந்தது. இந்நன்மையை எவரும் மறுத்தற்கில்லை.

ஆனால், ஒரே குருதியுடைய பயிர் நாடுகள் தோறும் பரவியபோது, ஒரு பயிரை வெல்லக் கற்ற பூச்சி எல்லா வயல்களையும் வென்றது. 1970களில் புகையான் பூச்சியும், அது பரப்பிய, பயிரைப் புல்லாகக் குறுக்கும் நச்சுயிரி நோயும் ஆசிய வயல்களை வாட்டின. தடுப்பாற்றல் வேண்டி ஆயிரக்கணக்கான விதை மாதிரிகளைச் சோதித்தனர். உத்தரப் பிரதேசத்தில் திரட்டப்பட்டிருந்த 'ஒரைசா நிவாரா' என்ற காட்டு நெல்லின் ஒரு மாதிரியில் அஃது அகப்பட்டது. அந்த ஆற்றலைப் பெற்று 1976இல் வெளிவந்த ஐ.ஆர்.36, ஒரு கோடி ஹெக்டருக்கும் மேற்பட்ட நிலத்தில் பயிராயிற்று. பயனற்றது என்று ஒதுக்கப்பட்ட புல், பயனுள்ள பயிரைக் காத்தது.

மஹ்சூரியின் வழிவந்த சுவர்ணாவுக்கும் இத்தகைய உதவி கிட்டியது. விளைச்சல் மிக்க அந்நெல் சில நாள் வெள்ளத்தில் மூழ்கினாலே அழுகிவிடும். ஒடிசாவின் பழைய நெல்லொன்றோ இரு வாரம் மூழ்கிக் கிடந்தும் பிழைத்தெழும். அப்பண்புக்குரிய மரபணு 2006இல் கண்டறியப்பட்டது. அதனை ஏற்ற சுவர்ணா 2009இல் இந்திய உழவரிடம் சேர்ந்தது. விளைச்சல் குறைவென்று பலர் கைவிட்ட நெல்லின் வழியில்தான் அவ்வாற்றல் பிழைத்திருந்தது.

காடு முற்றிலும் தோற்றுவிடவும் இல்லை. மலேசியாவில் நாற்று நடும் வழக்கம் குறைந்து நேரடி விதைப்பு பரவிய பின்னர், 1980களின் பிற்பகுதியில், சிலாங்கூரின் தஞ்சோங் காராங் வயல்களில் 'பாடி ஆங்கின்' எனப்படும் காற்று நெல் தலைகாட்டியது. தோற்றத்தில் பயிரைப் போன்றிருந்து, அறுவடைக்கு முன்னரே மணியை உதிர்த்துவிடும் களை அது. அதன் மரபணுவை ஆராய்ந்தபோது, பல செடிகள் பயிர் நெல்லின் பழைய எழுத்துப் பிழையைச் சுமந்துகொண்டே வேறு வழியில் உதிரக் கற்றிருந்தமை தெரிந்தது. காட்டு நெல்லின் கலப்பும் சிலவற்றில் காணப்பட்டது. மனிதன் பல்லாயிரம் ஆண்டுகளில் முடித்த வேலையை வயலே மெல்லப் பிரித்துப் போடத் தொடங்கியது. நெல்லைப் பழக்கும் பணி ஒருநாளும் முடிவதில்லை.

லாஸ் பானோஸின் விதைக் களஞ்சியத்தில் இன்று 130,000க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகள் குளிரில் காக்கப்படுகின்றன. அது பெரும்பேறு. ஆனால், குளிரறையில் உறங்கும் விதை மாறிவரும் மழையையும் வெயிலையும் புதிய பூச்சியையும் சந்தித்துப் பழகுவதில்லை. அதற்குச் சதுப்பில் வளரும் காட்டு நெல்லும், சிற்றூர் உழவர் மரபாக விதைத்துவரும் பழைய நெல்லும் உயிரோடு இருக்க வேண்டும். நிவாராவின் விதையைத் திரட்டி வைத்த நாளில், எந்த நோய்க்கு அது மருந்தாகும் என்பது எவருக்கும் தெரியாது. தெரியாத நிலையிலும் ஒருவர் குனிந்து எடுத்தார். வேறொருவர் கெடாமல் காத்தார். ஒரு கோடி ஹெக்டர் வயலின் விளைச்சல் அந்தக் கைப்பிடி விதையில் அடங்கியிருந்தது.