சென்னையின் அணி, யாருடைய அணி?

சென்னையின் எஃப்சி தோற்கிறது என்பதற்காக இதை எழுதவில்லை. தோற்றுப் பழகியவர்கள் நாங்கள். வியாசர்பாடி, புளியந்தோப்பு, பெரம்பூர் பக்கத்து மைதானங்களில் ஞாயிற்றுக்கிழமை மேட்ச்சில் ஐந்து கோல், ஆறு கோல் வாங்கியிருக்கிறோம். டீக்கடையில் நின்று யாரால் தோற்றோம் என்று இருட்டும் வரை சண்டை போட்டுவிட்டு, அடுத்த வாரம் அதே பதினொரு பேரோடு இறங்கியிருக்கிறோம். ஆனால் அங்கே தோற்ற பிறகு கேட்பதற்கு ஓர் ஆள் இருப்பார். கேப்டன் அங்கேயே நிற்பான். டீமை நடத்துகிற அண்ணனும் நிற்பார். "ஏண்ணா அவன உள்ள எறக்குன?" என்று கேட்டால் பதில் வரும். பிடிக்காத பதிலாக இருந்தாலும் வரும்.

பெரியமேட்டு நேரு ஸ்டேடியத்தில் நாங்கள் தேடுவது அந்த ஆளைத்தான்.

வேங்கைவயலுக்கு நியாயம் கிடைக்காத நாட்டில் ஃபுட்பால் டீமைப் பற்றி என்ன பேச்சு என்று சில தோழர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். வடசென்னையின் சேரிப் பிள்ளைகளுக்கு ஃபுட்பால் பொழுதுபோக்கு மட்டுமல்ல. கிரிக்கெட் இந்த ஊரில் யாருடைய விளையாட்டாக வளர்ந்தது என்று நமக்குத் தெரியும். ஃபுட்பாலுக்கு ஒரு பந்து போதும், பல நேரம் செருப்புகூட வேண்டாம். அதனால்தான் வியாசர்பாடியைப் பத்திரிகைக்காரர்கள் குட்டி பிரேசில் என்கிறார்கள். எங்கள் தெருவைப் பற்றிப் போலீஸ் செய்தி அல்லாத செய்தி வந்தது என்றால், பெரும்பாலும் அது ஃபுட்பாலால் வந்ததாக இருக்கும். அந்த விளையாட்டு யார் கையில் இருக்கிறது என்று கேட்பதும் எங்கள் அரசியல்தான்.

முதலில் வரலாறு. இந்தியன் சூப்பர் லீக் 2014ல் தொடங்கியபோதே சென்னையின் எஃப்சியும் வந்தது. அபிஷேக் பச்சன், விட்டா டானி, தோனி என்று பெரிய பெயர்கள் உரிமையாளர்கள். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் கிடந்தபோது, அணியின் அரையிறுதி மேட்ச் ஒன்று புனேவுக்கு மாற்றப்பட்டது. நாங்கள் வீட்டுக்குள் இருந்து சேற்றை வாரிக் கொட்டிக்கொண்டிருந்த நாட்கள் அவை. டிசம்பர் 20ஆம் தேதி இறுதிப் போட்டியில் கோவாவிடம் 2-1 என்று பின்தங்கியிருந்த அணி, கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் போட்டு 3-2 என்று கோப்பையை எடுத்தது. மெண்டோசா போட்ட அந்தக் கடைசி கோலைப் பற்றி இன்றும் எங்கள் பக்கம் பேசுவார்கள். 2018 மார்ச்சில் பெங்களூருவை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என்று வென்று இரண்டாவது கோப்பை. நடுக்களத்தில் எங்கள் வடசென்னைப் பையன் தனபால் கணேஷ்.

அடுத்த சீசனிலேயே அந்தச் சாம்பியன் அணி கடைசி இடம். 18 ஆட்டத்தில் இரண்டு வெற்றி, ஒன்பது புள்ளி. அதற்கடுத்த ஆண்டு மீண்டெழுந்து இறுதிப் போட்டி வரை போய் ஏடிகேயிடம் தோற்றது. அதன்பின் மூன்று சீசன்கள் வரிசையாக எட்டாம் இடம். 2023-24ல் ஆறாம் இடம் பிடித்து பிளே-ஆஃபுக்குள் நுழைந்தது. 2024-25ல் 13 அணிகளில் பதினொன்றாவது. 2019க்கும் 2023க்கும் இடையில் கிரெகரி, கோய்ல், லாஸ்லோ, பாண்டோவிச், பிரடாரிச், மறுபடி கோய்ல் என்று பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். நடுவில் 2022ல் இடைக்காலமாக நின்று மிச்ச ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டவர் நம் ஊர் சபீர் பாஷா, இந்தியாவுக்காக ஆடியவர். சீசன் முடிந்ததும் மறுபடி வெளிநாட்டில் இருந்து ஒருவர் வந்தார்.

வெளிநாட்டுப் பயிற்சியாளர் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. இரண்டு கோப்பைகளையும் வாங்கித் தந்தவர்கள் மத்தராசியும் கிரெகரியும்தான். நாங்கள் கேட்பது வேறு. ஒருவரை எதற்காகக் கூட்டி வந்தார்கள், எதை எதிர்பார்த்தார்கள், அது நடக்காதபோது அதில் நிர்வாகத்தின் பங்கு என்ன என்று ரசிகன் யாரிடம் கேட்பது? தோல்விக்குப் பயிற்சியாளர் போகிறார், ஆட்டக்காரர் போகிறார். முடிவெடுத்தவர்கள் மட்டும் எந்தத் தோல்விக்கும் போவதில்லை.

இது ஒரு கிளப்பின் குணம் அல்ல, இந்த லீக்கின் அமைப்பே அப்படி. இது ஃபிரான்சைஸ் லீக். 2024-25 சீசன் வரை கடைசி இடத்தில் முடித்தாலும் கீழ் லீக்குக்கு இறக்கப்படும் பயம் இருந்ததில்லை. உலகத்தின் பெரும்பாலான லீக்குகளில் அந்தப் பயம்தான் நிர்வாகத்தைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது. இங்கே அது அத்தனை ஆண்டும் இருக்கவில்லை, உறுப்பினர் என்ற ஒன்றும் இல்லை. ஜெர்மனியில் ஒருசில விதிவிலக்குகள் தவிர எல்லாக் கிளப்பிலும் பாதிக்கு மேற்பட்ட ஓட்டு உறுப்பினர்கள் கையில் இருக்க வேண்டும் என்பது விதி. எவ்வளவு பணம் போட்டாலும் முதலாளியால் தனியாக முடிவெடுக்க முடியாது. இங்கிலாந்தில் அந்த விதி கிடையாது. ஆனாலும் 2021 ஏப்ரலில் பெரிய முதலாளிகள் சேர்ந்து தனியாக ஒரு சூப்பர் லீக் அறிவித்தபோது, ரசிகர்கள் தெருவில் இறங்கிய இரண்டே நாளில் ஆறு ஆங்கிலக் கிளப்புகளும் பின்வாங்கின.

இங்கே ஓர் ஊரின் அணியே காணாமல் போகலாம். 2019ல் டெல்லி டைனமோஸ் புவனேஸ்வருக்குப் போய் ஒடிசா எஃப்சி ஆனது. அதே ஆண்டு புனே அணி கலைக்கப்பட்டு, ஹைதராபாத் வந்தது. அந்த ஹைதராபாத் 2022ல் கோப்பையையும் வென்றது, 2025ல் டெல்லிக்குப் பெயர்ந்துவிட்டது. டெல்லியில், புனேயில், ஹைதராபாத்தில் அந்தச் சட்டையைப் போட்டுக் கத்திய பிள்ளைகளிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? கடைக்காரர் கடையை மாற்றும்போது வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டியதில்லை என்பதுதான் நிர்வாகங்களின் எண்ணம். விளம்பரத்தில் மட்டும் நாம் 'குடும்பம்'.

பணம் போடுகிறவர்கள் நாங்கள், நட்டத்தில்தான் ஓட்டுகிறோம் என்று முதலாளிகள் சொல்வார்கள். நம்புகிறோம். இந்தியாவில் ஃபுட்பால் கிளப் நடத்திப் பணக்காரர் ஆனவர் யாரும் இல்லை. ஆனால் நட்டம் ஏற்பவருக்குக் கேள்வியில் இருந்து விடுதலை உண்டு என்று எந்த நியாயத்தில் எழுதியிருக்கிறது? அணியின் பெயரையே பாருங்கள். 'சென்னையின்' என்பது உரிமையைச் சொல்லும் சொல். ஊரின் பெயரில் பணம் திரட்டுகிறவர்கள் ஊருக்குக் கணக்கு சொல்லத்தான் வேண்டும்.

தோல்வியின்போது கோபம் எங்கே போகிறது என்பதையும் பேச வேண்டும். ஸ்டேண்டில் உட்கார்ந்து கவனித்தால் தெரியும். முதலாளி எங்கள் குரல் எட்டாத உயரத்தில் இருக்கிறார். கோபம் எட்டுவது மைதானத்தில் பிழை செய்த பையனுக்கு. அவனுடைய நிறத்தை, ஊரை, அம்மாவை இழுத்துத் திட்டுகிறார்கள். வடகிழக்கில் இருந்து வந்த ஆட்டக்காரன் என்றால் அவன் முகத்தைச் சொல்லித் திட்டுகிறார்கள். ஃபோனைத் திறந்தால் அதைவிட மோசம். மேலே போக வேண்டிய கோபம் கீழே வழிந்து, கைக்கு எட்டியவன் தலையில் விழுகிறது. சாதி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. படிக்கட்டில் தனக்கு மேலே நிற்பவனிடம் பட்ட அவமானத்தைக் கீழே நிற்பவனிடம் இறக்குகிற அதே பழக்கம். அதனால் எங்கள் வட்டத்தில் ஒரு விதி வைத்திருக்கிறோம்: ஆட்டத்தைத் திட்டலாம், ஆளைத் திட்டக் கூடாது, சாதியையோ பெண்களையோ இழுத்து ஒரு வார்த்தை வந்தாலும் அவன் எங்களோடு உட்கார முடியாது.

நிர்வாகத்தை எதிர்த்துக் கேட்டு என்ன ஆகப் போகிறது என்பவர்களுக்கு ஒரு பழைய கதை. பல்வங்கர் பாலு தலித் சமூகத்தில் பிறந்த பந்து வீச்சாளர். அவர் காலத்தில் இந்தியாவிலேயே சிறந்தவர்களில் ஒருவர். பம்பாயில் மத வாரியாக அணிகள் மோதிய காலம் அது. இந்துக்கள் அணிக்கு அவர் விக்கெட் வேண்டும், அவர் தலைமை மட்டும் வேண்டாம். 1920ல் அவர் அணியில் இருந்தே விடப்பட்டபோது, தம்பிகள் விட்டலும் சிவராமும் "நாங்களும் ஆட மாட்டோம்" என்று விலகி, காரணத்தை வெளிப்படையாக அறிவித்தார்கள். தேர்வுக் குழு இறங்கி வந்தது. பாலு துணைத் தலைவராகத் திரும்பினார். 1923ல் விட்டல் அதே அணிக்குத் தலைவராகி, ஐரோப்பியர் அணியை வென்று காட்டினார். சிறப்பாக ஆடிக் காட்டினால் போதும், மரியாதை தானாக வரும் என்று பாலு பல ஆண்டுகள் ஆடிப் பார்த்தார். வரவில்லை. முடிவெடுக்கிறவர்களைப் பெயர் சொல்லிக் கேட்ட பிறகுதான் வந்தது. லண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் கேட்டதும் இதைத்தானே: எங்களைப் பற்றி முடிவெடுக்கும் மேசையில் எங்களுக்கு இடம்.

2025ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அகில இந்திய கால்பந்து சம்மேளனமும் ரிலையன்ஸ் தரப்பும் 2010ல் போட்ட 15 ஆண்டு ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது என்று எல்லோருக்கும் முன்பே தெரியும். ஆனாலும் புதுப்பிக்காமல் இழுத்தார்கள். ஜூலையில், லீக் நிறுத்தி வைக்கப்படுகிறது என்று அறிவிப்பு வந்தது. ஆகஸ்டில் பெங்களூரு அணி முதல் அணிக்கான சம்பளத்தை நிறுத்தியது, சென்னையின் எஃப்சி செயல்பாடுகளையே நிறுத்தி வைத்தது. பெரிய ஆட்டக்காரருக்குச் சேமிப்பு இருக்கும். சட்டை துவைப்பவருக்கு, மைதானம் பராமரிப்பவருக்கு, அடுத்த ஆண்டு அணியில் இடம் கிடைக்கும் என்று காத்திருந்த பதினெட்டு வயதுப் பையனுக்கு என்ன இருக்கிறது?

அதே ஆகஸ்டில், ஸ்டேடியத்தில் இருந்து நடந்து போகிற தூரத்தில், ரிப்பன் மாளிகை வாசலில், ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் நம் பெண்கள். தங்கள் வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று கேட்டார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. ஒரு ஃபுட்பால் அணியின் நெருக்கடியையும் அந்தப் பெண்களின் வாழ்க்கைப் போராட்டத்தையும் ஒரே தராசில் வைக்கும் அளவுக்கு நாங்கள் அறிவிழக்கவில்லை. ஆனால் அவர்களுடைய பிள்ளைகள்தான் எங்களோடு ஸ்டேண்டில் உட்காருகிறார்கள். அம்மாவின் வேலையைப் பற்றிய முடிவும் பிள்ளையின் விளையாட்டைப் பற்றிய முடிவும் அவர்களைக் கேட்காமலே எங்கோ ஓர் அறையில் எடுக்கப்படுகிறது. முடிவெடுத்தவரைத் தேடிப் போனால் ஒப்பந்தத்தைக் காட்டுகிறார்கள்.

எங்கள் கோரிக்கைகள் பெரியவை அல்ல. சீசன் முடிந்ததும் நிர்வாகம் ரசிகர்கள் முன் ஒருமுறை உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு மட்டும் என்றில்லாமல், எழுந்து நின்று கேட்பவருக்கும் சொல்ல வேண்டும். ரசிகர்கள் தேர்ந்தெடுத்த இரண்டு பேராவது, அதில் ஒரு பெண்ணாவது, நிர்வாகக் கூட்டங்களில் உட்கார வேண்டும். வடசென்னை மைதானங்களில் இருந்து எத்தனை பேரைப் பார்த்தோம், எத்தனை பேரை எடுத்தோம், ஏன் எடுக்கவில்லை என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அணியை விற்பதோ ஊர் மாற்றுவதோ இருந்தால் ஊருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். இதில் எதற்கும் கோடிக்கணக்கில் செலவில்லை.

2023 ஆகஸ்ட் 12 அன்று கொல்கத்தாவில் டுராண்ட் கோப்பை. மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்கால் 1-0 என்று வென்றது. நாலரை ஆண்டாக அந்த டெர்பியில் வெற்றியே பார்க்காத அணி அது. அந்த ஒரே கோலை அடித்தவர் நம் சென்னைப் பையன் நந்தகுமார் சேகர். இந்த மண்ணில் ஆட்டக்காரர்களுக்குப் பஞ்சம் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பஞ்சம் எங்கே என்று நிர்வாகம்தான் சொல்ல வேண்டும்.

எட்டாம் இடம் வந்தாலும் பதினொன்றாம் இடம் வந்தாலும் நாங்கள் டிக்கெட் வாங்கிப் போவோம். கத்துவோம். ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர்களைக் கைதட்டி அனுப்பிவிட்டு, நிர்வாகிகள் உட்காரும் பக்கம் திரும்பி இந்தக் கேள்விகளைக் கேட்போம். பதில் வரும் வரை ஒவ்வொரு மேட்ச்சிலும் கேட்போம்.